சளிக்குப் பயந்த கண்டக்டர்

கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே பேய்க்கும் பாம்புக்கும் பெண்டாட்டிக்கும் பயப்படாத ஒரே ஆண்பிள்ளை, கச்சிராயபாளையம் டவுன் பஸ் கண்டக்டர்தான். அவர் பயந்தது அடுத்தவர் மூக்குக்கு மட்டும். பஸ்ஸில் யாராவது ஒருமுறை உறிஞ்சினால் போதும், மனுஷன் வெலவெலத்துப் போவார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'சளி கண்டக்டர்'.

நான் அப்போது கிராம சுகாதார நர்ஸ். தினமும் அந்த பஸ்தான். மற்ற கண்டக்டர்கள் எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பார்கள். இவர் பவுடர் டப்பா மூடியில் நனைத்த பஞ்சு வைத்திருப்பார். மார்கழிப் பனியிலும் ஜன்னல் ஷட்டரை இறக்க விடமாட்டார். இருமுகிறவர்களுக்குக் கடைசி சீட்டு. அதில் பெரியவர் சின்னவர் பேதமே கிடையாது. ஒருநாள் முன் சீட்டில் கால்மேல் கால் போட்டிருந்த பண்ணைக்காரர் ஒருவர் தும்மித் தொலைத்தார்.

"எந்திரிச்சி பின்னால போங்க."

"யோவ், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. தும்முனவரு."

பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். அதற்கப்புறம் ஜலதோஷம் விடுகிறவரை மாட்டுவண்டியில்தான் டவுனுக்கு வந்தார் என்று கேள்வி.

மேகம் கறுத்தால் போதும், என்னிடம் வந்துவிடுவார். "நர்சம்மா, மழ வரப்போவுது. முன்கூட்டியே ஒரு ஊசி போட்டு வுட்டுருங்க."

"சளிக்கு ஊசி கெடையாதுங்க. வந்தா தானா போயிடும். சூடா எதனா குடிச்சிக்கினு ரெஸ்ட் எடுத்தா போதும். கைய சோப்பு போட்டு கழுவுங்க, பாதி வராது."

"கவர்மெண்டு மருந்துல இவ்ளோ கஞ்சத்தனம் ஆவாதுங்க" என்று சலித்துக்கொள்வார். ஆனால் சோப்பு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குழாய் இருக்கிற ஸ்டாப்பிங்கில் எல்லாம் இறங்கி முழங்கை வரை தேய்ப்பார். டிரைவர் ஹாரன் அடித்து அடித்தே பாதி ஆயுளைக் கழித்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. எந்த ரோடு எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு காலையில் கச்சிராயபாளையத்தில் ஓர் இளம் தாய் ஏறினாள். கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தவள். இடுப்பில் மூக்கொழுகும் ஆண் குழந்தை. கண்டக்டர் பின்வாங்கிப் படிக்கட்டுக்கே போய்விட்டார்.

"நர்சம்மா, கடைசி சீட்டுக்கு அனுப்பட்டுமா?"

நான் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு வேகவேகமாக வாங்கியது. இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"பால் குடிக்கிறானா?"

"நேத்துலேர்ந்து வாய் வெக்கலீங்க. சளிதான்னு தைலம் தேச்சி வுட்டேன்."

"இது வெறும் சளி இல்ல, நெஞ்சுல எறங்கிடுச்சி. ஒடனே பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஊசியா?"

"இதுக்குத்தான் ஊசி."

அவர் விசில் அடித்தார். "டவுனு வரைக்கும் எங்கியும் நிக்காது. எறங்குறவங்க இப்பவே எறங்கிக்கோங்க." கை காட்டியவர்களை எல்லாம் புழுதியில் விட்டுவிட்டு பஸ் பறந்தது. பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட புளியமரம் கிடந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

அந்தத் தாய் எழுந்தாள், நடந்து கொப்புளம் போட்ட காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் பணப்பையைக் கழற்றி டிரைவர் மடியில் போட்டார். "கொழந்தைய இங்க குடும்மா." அவர் நெஞ்சோடு அணைத்ததுமே பிள்ளை அவர் முகத்திலேயே இருமினான். கண்ணை இறுக மூடினார். திறந்தார். நடக்க ஆரம்பித்தார்.

மரத்துக்கு அந்தப் பக்கம் கோடாலியோடு நின்றவர்கள் மறித்தார்கள். "இன்னிக்கி யாரும் தாண்டக் கூடாதுண்ணே."

"மறியல் பண்ணுங்க, நான் வாணான்னு சொல்லல. வரப்போற புள்ளைங்களுக்குத்தான பண்றீங்க. இவன் வந்துட்டவன். மூச்சு வாங்குது பாரு."

மீசைக்காரர் ஒருவர் கோடாலியைக் கீழே வைத்து, குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"உனுக்கு சளி கிளி இருக்குதா?"

"இல்லண்ணே."

"கைய கழுவிக்கினு வா."

சத்தியமாகச் சொல்கிறேன், மறியலுக்கு வந்தவர் குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக் கை கழுவிவிட்டு வந்தார். தாயைத் தங்கள் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அவர்களே தள்ளி வந்தார்கள். மீசைக்காரரும் கண்டக்டரும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இன்னொருவர் முன்னால் ஓடி, வழியில் மறித்தவர்களிடம் எல்லாம் விஷயத்தைச் சொன்னார். கிடந்த மரத்தை எல்லாம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பார்த்த உடனே சேர்த்துக்கொண்டார்.

சில நாள் கழித்து வார்டுக்குப் போனேன். பையன் பால் குடித்துக்கொண்டிருந்தான். வெளியே வேப்பமரத்தடியில் கண்டக்டர், மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்து நின்றார். நான் கிட்டே போனதும் பின்னால் நகர்ந்தார்.

"உள்ள வந்து பாருங்களேன்."

"வாணாங்க. எனுக்குப் புடிச்சிக்கிச்சி. பொழைச்ச புள்ளைக்கி நான் எதுக்குக் கொண்டாந்து ஒட்டணும்?" தும்மிவிட்டுக் கேட்டார்: "இன்னும் குழி வுழுதுங்களா?"

"இல்லீங்க. நல்லா மூச்சு வுடுறான்."

அதற்குள் தாய் வாசலுக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினார். கண்ணிலிருந்தும் ஒழுகியது. அது சளி இல்லை.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று இப்படித்தான் எட்ட நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.