குகநேசனின் அரை டன்

பொருளை வாங்கிப் பாவிக்காமல் பாதுகாக்கும் ஓர் இனம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதன் நோர்வேக் கிளைத் தலைவரைப் பார்க்க வேண்டுமானால் மோர்டென்ஸ்ருட் பக்கம் போய்க் குகநேசனை விசாரியுங்கள். வாசலில் ஐம்பத்தாறாம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-100 பிக்கப் செக்கச்செவேலென்று நிற்கும். பக்கத்தில் அவர் துணியும் கையுமாக நிற்பார்.

தப்பித்தவறி "நல்ல வண்டி" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் தொலைந்தீர்கள். நாற்பத்தெட்டில் எஃப்-1 என்று பிறந்தது, ஐம்பத்துமூன்றில் எஃப்-100 என்று பெயர் மாறியது, சுற்றி வளைந்த இந்த முன்கண்ணாடி இந்த உடம்பில் ஐம்பத்தாறு என்ற ஒரே ஒரு வருடம்தான் வந்தது, அடுத்த வருடமே உடம்பை மாற்றிவிட்டார்கள் என்று அவர் அடுக்கி முடிப்பதற்குள் உங்கள் பஸ் போய்விடும், அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும். கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி, "அரை டன் தாங்கும்!" என்பார். இதுவரை அதில் ஏறியது என்ன? மெழுகு மட்டும்.

மகள் சாருகா ரொம்சோஸில் முதன்முதலாகத் தனியாக வீடு எடுத்தாள். முதல் சம்பளத்தில் வாங்கிய பச்சைச் சோஃபாவை அங்கே கொண்டுபோக வேண்டும். அப்பா இருக்கப் பயமென்ன? வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வெளியே வந்து பார்த்தால், சோஃபா பக்கத்து வீட்டுக் கிருபனின் காருக்குப் பின்னால் கொழுவிய தில்ஹெங்கர் என்ற இழுவைப் பெட்டியில் ஏறியிருக்கிறது. பிக்கப் வெறுமையாக முன்னால் நிற்கிறது.

"அப்பா, உங்கடை வண்டியிலை ஏத்தலாம்தானே?"

"அடிப்பலகை புது மரம், பிள்ளை. கீறுப்படும்."

"அப்ப உது எதுக்கு வருது?"

"வழி காட்ட."

பாதி வழியில் மழை. குகநேசன் வீதியோரம் நிறுத்திப் பாய்ந்து இறங்கினார். சோஃபாவை மூடியிருந்த படங்கை உருவினார். எதை மூடினார் என்கிறீர்கள்? அந்த அடிப்பலகையைத்தான்!

ரொம்சோஸ் போய்ச் சேர்ந்தபோது சோஃபாவைப் பிழிந்தால் வாளி நிறையும். சாருகாவுக்குக் கண் கலங்கிவிட்டது; ஆசை ஆசையாக வாங்கியது, புது வீட்டின் முதல் சாமான். ஆனாலும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

"இருங்கோ அப்பா."

"எங்கை பிள்ளை?"

"கிடக்கிறது உது ஒண்டுதானே."

மறுக்க முகமில்லாமல் சோஃபாவில் இருந்தார். சளக்! எழுந்தபோது காற்சட்டை ஒழுகியது. இந்தக் கோலத்தில் புதிதாகத் தைத்த சிவப்புத் தோல் இருக்கையில் ஏறுவாரா? கிருபனும் அவரை ஏற்றவில்லை. அவன் காரும் புதிது. "நாளைக்கு வந்து எடுக்கிறன், ஒருத்தரும் தொடக்கூடாது" என்று வண்டித் திறப்பை மகளிடம் கொடுத்துவிட்டு, தே-பானே ரயிலில் இடமிருந்தும் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை கைபேசியில் ஒரு படம் வந்தது. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதி வாசலில் பிக்கப். அதன் முதுகில் கட்டில், மேசை, நாலு கதிரை, ஒரு மூட்டை அரிசி. கீழே சாருகா எழுதியிருந்தாள்: "அப்பா, அரை டன்னுக்கு இன்னும் இடம் கிடக்கு."

குகநேசன் படத்தைப் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகக் கீறல் தேடினார். மனைவி தேவிகா எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை எவ்வளவு சந்தோசமாய் நிக்கிறாள்!"

"எங்கை நிக்கிறாள்?" என்று கேட்டார் குகநேசன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பிறகு உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாங்கியபோது இருந்த பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை என்றால், குகநேசனின் சங்கத்தில் உங்களுக்கும் இடமுண்டு. உட்கார மட்டும் விடமாட்டார்கள். கதிரை புதிது.