பாதஞானியின் எறும்புகள்

பாதஞானியின் வாளிக்குள் காலை விட்டால் போதுமாம், சர்க்கரை நோய் பாதம் வழியாக இறங்கி ஓடிவிடுமாம்! கூட்டம் தெருமுனைவரை நின்றது. ஆதாரம் வேண்டுமா? வெந்நீரில் மூலிகைப் பொடியைப் போட்டுக் காலை ஊறவைப்பார். பிறகு அந்தத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வாசலில் வைப்பார். ஐந்தே நிமிடத்தில் எறும்பு மொய்க்கும்.

"பாத்தியா, உன் சர்க்கரை!"

எறும்பே சாட்சி சொன்ன பிறகு ரத்தப் பரிசோதனை எதற்கு?

அந்தக் கூட்டத்தில் ஒருவர், சர்க்கரை நோயுள்ள ஒரு துணிக்கடை விற்பனையாளர். அவருக்கு நாள் முழுக்க நின்றே வேலை. குதிகால் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மருத்துவர் கொடுத்த களிம்பை அலமாரியில் தூங்க வைத்துவிட்டு, மூன்று வாரமாக வாளியே கதியென்று கிடந்தார். எறும்புகள் கொழுத்தன. அவர் மனம் குளிர்ந்தது.

அப்போதுதான் தங்கை வந்தாள். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள்.

"என்னண்ணே இது, பாதமெல்லாம் கொப்புளம்? அந்த வாளித் தண்ணி கொதிச்சுதா?"

"எனக்கு வெதுவெதுன்னுதாம்மா இருந்துது."

"கால்ல உணர்ச்சியே மரத்துப் போச்சு. வெந்ததுகூடத் தெரியல. இப்படியே விட்டா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்!"

அவர் பதறிப்போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் நம்பிக்கை லேசில் போகுமா? "அப்ப அந்த எறும்பு?"

"உங்க கடையில காலுறை மாட்டி வெச்சிருக்கிற பொம்மைக்காலை எடுத்துட்டு வாங்க, சொல்றேன்."

மறுநாள் பாதஞானியின் இடத்தில், பெண்களுக்கான திரைக்குப் பின்னால் தங்கை ஒரு பையோடு போய் உட்கார்ந்தாள். "எங்க அத்தைங்க. ரொம்பக் கூச்சம்" என்றார் அண்ணன். பாதஞானி பொடியை அள்ளிப் போட்டு வாளியை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்தது. எறும்புகளும் வந்தன.

"அடேயப்பா, மூணு தலைமுறைச் சர்க்கரை!" என்று பூரித்தார் பாதஞானி.

விற்பனையாளர் திரையை இழுத்தார். முக்காலிமேல் பிளாஸ்டிக் கால் சொட்டச் சொட்ட நின்றது.

"சாமி, அத்தைக்கு எத்தனை வருஷமா சுகரு?"

தங்கை பொடி டப்பாவை வெறுந்தரையில் கவிழ்த்தாள். எறும்புகள் தட்டை விட்டுவிட்டு அங்கே ஓடின. ஒருவர் விரலால் தொட்டு நக்கினார். "அட, வெல்லம்!"

பாதஞானி பின்வாசலைத் தேடினார்.

கூட்டத்தில் ஒரு குரல் உருகியது: "பொம்மைக்கே சர்க்கரையை இறக்கிட்டாரே, என்ன சக்தி!"

விற்பனையாளர் தன் கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். "தினமும் காலை உத்துப் பாருங்கய்யா. விரலிடுக்குல ஈரத்தைத் துடைங்க. வெடிப்புக்கு டாக்டர் குடுத்த களிம்பைத் தடவுங்க. சர்க்கரை எங்க இருக்குன்னு எறும்புக்கே தெரியுது. மூளை எங்க இருக்குன்னு நமக்குத் தெரிய வேணாமா?"