மட்டம் சார் போட்ட கோடு

மட்டம் சாரைப் போல ஓர் ஊர் முழுவதையும் ஒரே வருஷத்தில் கோபப்படுத்திய ஆள் தாமிரபரணிக் கரையில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. கோபப்பட்டவர்கள் வரிசையில் முதலில் நின்றவள் நான். அதனால் அடித்துச் சொல்கிறேன்.

முக்கூடலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அவர் சமூக அறிவியல். வரலாற்றை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டு வருஷம் பூராவும் புவியியலே நடத்துவார். ஒல்லி உடம்பு. தோளில் மலைப்பாம்பு மாதிரி சுருட்டிப் போட்ட பிளாஸ்டிக் குழாய். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதேதான். உள்ளே தண்ணீர் இருக்கும். ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மட்டம் சார் என்றார்கள். பள்ளிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத ஒரே வாத்தியாருக்கு அந்தப் பெயர்.

ஆற்றங்கரை மண்டபத்தில் ஒரு தூண் உண்டு. எந்தக் காலத்திலோ வெள்ளம் வந்து நின்ற உயரத்துக்கு யாரோ அதில் ஒரு கோடு வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்தத் தூணில் சாய்ந்து முறுக்கு தின்றதோடு சரி. இந்த மனுஷர் மட்டும், அந்தத் தண்ணீர் மறுபடி வந்தால் நம் வீட்டில் எது வரை நிற்கும் என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, குழாயை மாற்றி மாற்றிப் பிடித்து, தூணில் இருந்த கோட்டைத் தெருத் தெருவாகக் கடத்திக்கொண்டு வந்தார். சுவருக்குச் சுவர் நீலப் பெயிண்டில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் பூஜ்யம். வாசல்படி அதற்கு எத்தனை அடி கீழே என்று அளந்து பெண்கள் செல்போன் வரைபடத்தில் ஏற்றினார்கள். ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைக்க மட்டுமே உறை கழற்றப்பட்டு வந்த ஸ்மார்ட் போர்டில் முதன்முதலாக எங்கள் ஊர் தெரிந்தது.

இதில் எனக்கு வந்த எரிச்சலைக் கேளுங்கள். மைனஸ் ஐந்து பெரியதா, மைனஸ் இரண்டு பெரியதா என்று பதினெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பாதி வகுப்பு ஐந்துதான் பெரியது என்று சாதிக்கும். அந்த வருஷம் கேட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, மைனஸ் அஞ்சு எங்க வீடு டீச்சர், அதுதான் ரொம்பக் கீழ, அதனால அதான் சின்னது என்றாள். சரியான விடை. நான் சொல்லிக்கொடுக்காத விடை. அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது பலசரக்குக் கடை அண்ணாச்சியின் கோபம். அவர் மகளைப் பெண் பார்க்க மூன்று தெரு தள்ளியிருந்து வந்திருக்கிறார்கள். உள்ளே கேசரி போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் குழாயோடு நம் ஆள்.

"எழுதிக்கோங்க பிள்ளைகளா, இந்தத் தெருவுலயே இந்த வீடுதான் மட்டம்."

மாப்பிள்ளையின் அப்பா கேசரியைக் கீழே வைத்துவிட்டார். பள்ளமான வீடு என்றல்லவா இவர் சொன்னார்? அங்கே கேவலமான வீடு என்று காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்கள். அண்ணாச்சி கடையில் அத்தனை பேர் முன்னிலையில், "நீரெல்லாம் ஒரு வாத்தியாராவே?" என்று சட்டையைப் பிடித்தார். மறுநாளே நம் ஆள் விளக்கம் சொல்ல மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். போனவர் சும்மா வந்தாரா? குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்க வீடு அதைவிட அரை அடி மட்டம் என்றார். இரண்டு வீடும் மட்டம் என்றான பிறகு யார் யாரைக் குறை சொல்வது? தை மாதமே கல்யாணம் நடந்தது. பந்தியில் மட்டம் சாருக்கு இரண்டு தடவை பாயசம்.

என் கோபம் அப்படி ஆறவில்லை. நாங்கள் ஆற்றுப் பக்கம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சின அன்று எல்லோரும் குத்துவிளக்கும் கடிகாரமும் கொண்டு வந்தார்கள். இவர் குழாயோடு வந்தார். நடுவீட்டில், புதுப் பெயிண்ட் வாசனை போகாத சுவரில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீலக் கோடு இழுத்தார்.

"மைனஸ் நாலரை, டீச்சர்" என்றார், நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.

மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை. ஸ்டாப் ரூமில் அவர் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். கோட்டின் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டேன்.

அப்புறம் அந்த மார்கழி வந்தது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடுப்பு வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். விடாத மழை. அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று டிவியில் படித்துக்கொண்டே இருந்தார்கள். கன அடியை எவன் கண்டான்? என் வாசலுக்கு எப்போது வரும் என்று அதில் ஒருத்தரும் சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு மட்டம் சாரிடமிருந்து எல்லோர் செல்போனுக்கும் ஒரே வரி வந்தது. "மண்டபத்துப் படி முங்கிட்டு. மைனஸ் மூணுக்குக் கீழ உள்ளவங்க பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புங்க."

நான் கிளம்பவில்லை. தெருவில் பொட்டுத் தண்ணீர் இல்லை. தொண்ணூறு கிலோ மனுஷரை இந்த மழையில் எப்படி நகர்த்துவது? பத்து நிமிஷத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மட்டம் சாரும் நாலு ஆட்களும் இறங்கினார்கள். கட்டுப் போட்ட வாரமே என் வகுப்புப் பெண்கள் வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாத ஆள் உள்ள வீடு என்று அர்த்தம். அதனால் ஊரிலேயே முதல் வண்டி எங்களுக்கு.

"என்ன சார், விளையாடுதீங்களா? தண்ணி எங்க இருக்கு?" என்றேன்.

"மைனஸ்ல நிக்கீங்க டீச்சர். ஏறுங்க."

கணக்கு டீச்சரிடம் சொல்கிற சொல்லா அது? வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, என்னையத் தூக்கட்டும். ஒனக்கு ஒன் சொவருதான் முக்கியம்னா நீ இங்கன இரு."

நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். கட்டுப்போட்ட கால் முன்னால் நீட்டியிருக்க, மேலே தார்ப்பாய் பிடிக்க, சப்பரத்தில் சாமி போகிற மாதிரி அவர் போனார். நான் பின்னால் திட்டிக்கொண்டே ஏறினேன். பள்ளிக்கூடம் மேடு. பிளஸ் ஆறு. ஒரு மணிக்கு எங்கள் தெரு தெரியவில்லை, ஆறுதான் தெரிந்தது. அவர் கட்டில் கிடந்த அறை வாசல் பக்கம்தான். அன்று அதற்கு மேல் நான் யாரையும் திட்டவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினோம். கணுக்கால் வரை சேறு. ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. காலண்டரைக் காணோம். சுவரில் தண்ணீர் போட்ட பழுப்புக் கோடு, நீலக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றிருந்தது.

சாயங்காலம் மட்டம் சார் வந்தார். கையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி. பரீட்சையில் பெயிலான பிள்ளையின் முகம்.

"மண்டபத்துத் தூண்ல தண்ணி பழைய கோட்டுலயேதான் நின்னுருக்கு. இங்க நாலு விரக்கடை தப்பாப் போச்சு டீச்சர். குழாய்ல எங்கயோ காத்துக்குமிழி இருந்திருக்கு. அழிச்சிட்டுச் சரியாப் போட்டுத் தாரேன்."

வீட்டுக்காரர் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆளுக்கு நாலு விரல் கவலை.

"சொவருல கை வச்சீங்க, தெரியும் சேதி" என்றேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அது. அவருக்கு அது விளங்கவில்லை. பயந்து துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு, எதை அழிக்க என்று கேட்டான்.

கீழே இருப்பது ஆறு போட்டது, அதை அழிச்சுக்கோ என்றேன்.