இன்னும் ஒரே ஒரு கல்

சொன்ன நேரம் எட்டரை. ஷெவ்கெத்தின் வேன் துருக்கியின் அந்தால்யா நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பதேகால். வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர் என்பது முதல் டயரைக் கழற்றிய பிறகுதான் டிரைவர் ரெம்ஸிக்கு நினைவு வந்தது.

கோன்யாவிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் எல்லாம் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகிற இடம் அது. சாலையோரமாக ஏழு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். கொளுத்துகிற ஜூலை மாதத்தில் ஆண்கள் நாலு பேருக்கும் கோட்டு, டை. பெண்கள் மூவருக்கும் பட்டு முக்காடு. அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி துணி சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். அவள் கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய நீளக்கட்டு ஒன்று வேறு.

"கோன்யாவா?" ஷெவ்கெத் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஆமாங்க ஐயா."

"ஏழு பேரா?"

"ஏழே பேருங்க."

"நான் ஷெவ்கெத். லேட் ஆயிடுச்சு, மன்னிச்சிடுங்க. சீக்கிரம் ஏறுங்க, பார்க்க வேண்டிய இடம் நிறைய இருக்கு."

அவர்களில் பெரியவர் ஒருவர் ஷெவ்கெத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நாங்கதாங்க சீக்கிரமே வந்துட்டோம். என் பேரு ருஸ்தெம். இவன் என் பையன் கெனான்." சொல்லிக்கொண்டே முப்பது வயது மகனை முன்னால் தள்ளினார். கெனான் குனிந்து ஷெவ்கெத்தின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். சுற்றுலா வந்த எவனும் இதுவரை அவருக்குச் செய்யாத மரியாதை அது.

"உங்க முன்னாடி யாரும் போனை நோண்டக் கூடாதுன்னு எல்லாத்தையும் வாங்கிப் பையில போட்டுப் பூட்டிட்டேங்க" என்றார் ருஸ்தெம்.

ஷெவ்கெத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்த தலைகளிடமே பேசிப் பழகியவர் அவர். அதுவும் இன்றைக்குப் பார்த்து இப்படி ஒரு கூட்டம் வாய்த்திருக்கிறது. அவர் மீது ஏற்கெனவே மூன்று புகார்கள். மூன்றும் ஒரே புகார்தான்: 'போதும் போதும் என்று கெஞ்சியும் விடாமல் கல்லைக் காட்டுகிறார்.' முதலாளியம்மா நூரன் நேற்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "நாலாவது புகார் வந்துச்சுன்னா நீ கைடு கிடையாது. என் தம்பி ஓட்டல்ல கீழ்த்தளத்துல உக்காந்து துண்டு மடிக்கப் போறே."

ஜன்னல் இல்லாத கீழ்த்தளம் அது. கல்லும் இல்லை, வானமும் இல்லை. ஷெவ்கெத் அதை நினைத்தே இரவெல்லாம் புரண்டிருந்தார்.

பெர்கே என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. பளிங்குத் தெருவின் நடுவில் நின்று, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "ஒரு ஊர் ரெண்டாயிரம் வருஷம் நிலைச்சு நிக்கணும்னா என்ன வேணும்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

வழக்கமாக யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் கெனான் சட்டென்று விறைப்பாக நின்றான். "பொறுமை வேணும் ஐயா. பெரியவங்க சொல்படி கேட்கணும். அப்புறம், நான் சிகரெட் பிடிக்கறதில்லைங்க."

"இங்க யாருமே பிடிக்கக் கூடாதுப்பா, போர்டு வச்சிருக்கான்" என்றார் ஷெவ்கெத் குழப்பத்தோடு.

"நல்ல சட்டங்க" என்றார் ருஸ்தெம். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பொட்டலக்கார அம்மாள் மட்டும் ஆட்டவில்லை. ருஸ்தெமின் அக்கா சஃபினாஸ் அவள். வண்டி ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் அவர் போனில் செய்தி வந்தது. நூரன் அன்று பல் வைத்தியரிடம் இருந்தார். வாய் நிறையப் பஞ்சு, அதனால் பேச முடியாமல் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

'கோன்யாக்காரங்க வெயில்ல காயறாங்களாம். புலம்பித் தள்ளறாங்க. நீ என்னதான் பண்றே?'

ஷெவ்கெத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏழு பேரும் அவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள்.

"ரெம்ஸி, இவங்க போனெல்லாம் பையிலதானே இருக்கு?"

"யாராவது ஒருத்தர் ஒளிச்சு வச்சிருப்பாங்க அண்ணே" என்றான் ரெம்ஸி. "ரொம்ப மரியாதைக்காரங்களா தெரியுது. முகத்துக்கு நேரா குறை சொல்ல வாய் வராது. அதான் மேலிடத்துக்குச் சொல்றாங்க."

ஷெவ்கெத் எல்லோரையும் குளியல்கூடத்துச் சுவர் நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நிழல் இருந்ததோ ஒரு முழம். "நீங்க நில்லுங்க ஐயா", "இல்லை, நீங்க நில்லுங்க", "உங்களுக்கு முன்னாடி நாங்க நிக்கறதாவது!" கடைசியில் ஷெவ்கெத் மட்டும் நிழலில் நின்று பேச, ஏழு பேரும் கோட்டும் டையுமாக வெயிலில் வேர்த்து வழிந்தபடி கேட்டார்கள். இவர்களே வெயிலில் நிற்பார்களாம், இவர்களே புகாரும் சொல்வார்களாம். நல்ல நியாயம்!

அஸ்பெண்டோஸ் அரங்கத்தில் அடுத்த செய்தி. 'இதுவரைக்கும் ஒரு கல்லைக்கூடப் பார்க்கலையாம். உனக்கு வெக்கமா இல்லை?'

ஷெவ்கெத்துக்கு ரத்தம் கொதித்தது. கல்லைக் காட்டவில்லை என்று அவர் மீது புகார்! மீனைப் பார்த்து நீந்தத் தெரியாது என்பதா? "அப்படியா சேதி! காட்டறேன். இன்னிக்குக் காட்டற காட்டுல கோன்யாவுல கல்லைக் கண்டாலே ஓடணும்" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

வாசல் கல், வளைவுக் கல், கழிப்பிடக் கல், பெயர் தெரியாத கல், நேற்று யாரோ உட்காருவதற்காகக் கொண்டுவந்து போட்ட கல், எல்லாவற்றையும் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஏழு பேரும் நின்று, சஃபினாஸைத் தவிர எல்லோரும் "மாஷா அல்லா" என்றார்கள். அதைச் சொல்கிற விதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஷெவ்கெத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இங்கே நடுவுல நின்னு குசுகுசுன்னு பேசினாலும் உச்சிப் படியில கேட்கும். யாராவது மேல போய்ப் பாருங்க."

"கெனான்!" என்றார் ருஸ்தெம்.

கெனான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினான். முக்கால்வாசி உயரத்தில் புதுச் செருப்பு கடித்து நொண்ட ஆரம்பித்தான்.

"போதும், இறங்கிடுப்பா!"

"இல்லைங்க ஐயா, ஏறிடுவேன்!"

"ஏறட்டுங்க" என்றாள் அவன் அம்மா முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்தபடி. "நீங்க எவ்வளவு ஏத்தினாலும் ஏறுவான். அப்படித்தான் வளர்த்திருக்கேன்."

இறங்கச் சொல்லியும் அவன் ஏறுகிறான், அதற்கு இந்த அம்மாள் ஏன் அழுகிறாள் என்று ஷெவ்கெத்துக்குப் புரியவில்லை. உச்சியிலிருந்து கெனான் கத்தினான். "கேட்குதுங்க ஐயா! நீங்க என்ன சொன்னாலும் கேட்பேங்க!"

ஷெவ்கெத்தின் பார்வை சஃபினாஸின் பொட்டலத்தின் மீது போய் நின்றது. ஒளித்துவைத்த போன் அதற்குள்தான் இருக்க வேண்டும். "அக்கா, கனமா இருக்கே, குடுங்க, வேன்ல வைக்கிறேன்" என்று கையை நீட்டினார். சஃபினாஸ் அதை இன்னும் இறுக்கினாள். துணியின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டு விழுந்து அவள் பாவாடையில் கறையானது. ஏழு பேரும் அந்தக் கறையைப் பார்க்காதது போல் ஆளுக்கொரு திசையில் கல்லைப் பார்த்தார்கள்.

மானவ்கட் அருவிக்கரை உணவகத்தில் ஷெவ்கெத் எல்லோருக்கும் பொரித்த மீன், சோறு, தயிர் என்று சொன்னார். அவர் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கும்வரை ஒருவரும் தட்டைத் தொடவில்லை. ருஸ்தெம் தன் தட்டிலிருந்த நல்ல துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

"உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லையே ஐயா? உங்க அக்கா சௌக்கியமா?"

"என் அக்காவா? சௌக்கியம்தான்" என்றார் ஷெவ்கெத். சுற்றுலாக்காரன் அக்காவை விசாரித்தால் வேறு என்ன சொல்வது?

எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தப்பித்தோம் என்று ஷெவ்கெத் நினைத்த அந்த நிமிஷத்தில் போன் கிர்ரென்றது.

'பசி தாங்க முடியலையாம். குழந்தை அழுவுதாம். பாவி, சாப்பாடாவது போடுடா!'

ஷெவ்கெத் மேஜையைப் பார்த்தார். ஏழு தட்டிலும் மீன் முள்தான் மிச்சம். குழந்தை யார்? ஆகச் சின்னவன் கெனான். செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தான், கண் கலங்கித்தான் இருந்தது.

"இன்னொரு ஏழு மீன்!" என்று கத்தினார் ஷெவ்கெத்.

ருஸ்தெமின் முகம் வெளுத்தது. "ஐயா, வயிறு நிறைஞ்சு..."

"பேசப்படாது! என் கூட வந்துட்டு யாரும் பசியோட திரும்பினாங்கன்னு பேர் வரக் கூடாது. சாப்பிடுங்க!"

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, மறுபேச்சில்லாமல், இரண்டாவது தடவை சாப்பிட ஆரம்பித்தார்கள். கெனானின் சித்தப்பாக்கள் இருவரில் ஒருவர் ரகசியமாகப் பெல்ட்டைத் தளர்த்தினார். கெனான் ஒவ்வொரு வாய்க்கும் "அருமைங்க ஐயா" என்று சொல்லி விழுங்கினான்.

"அண்ணே, விட்டுடுங்க, செத்துடப் போறாங்க" என்றான் ரெம்ஸி காதோடு.

"சாகட்டும். பசியில செத்தாங்கன்னு மட்டும் சொல்ல முடியாது பாரு."

மாலை நாலரைக்கு சீதே நகரத்துக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பல்லோ கோயிலின் ஐந்து தூண்கள் கடலைப் பார்த்து நின்றன. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் மட்டும் ஷெவ்கெத் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அவருக்கு அவ்வளவு பிரியமான இடம்.

வந்து சேர்ந்ததும் ஏழு பேரின் நடையும் மாறியது. தலைமுடியைக் கோதிக்கொண்டார்கள். டையைச் சரிசெய்துகொண்டார்கள். தெருத்தெருவாக ஒவ்வொரு வீட்டு வாசலையும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் எவ்வளவு தூரங்க ஐயா?" என்றார் ருஸ்தெம் மெதுவாக.

"இதுதாங்க கடைசி. இன்னும் ஒரே ஒரு கல்..."

போன் கிர்ரென்றது.

'நின்ன இடத்துலயே நின்னு நின்னு பொறுமை போச்சாம். பஸ் பிடிச்சு ஊருக்கே திரும்பறாங்களாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஓட்டல் கீழ்த்தளம். துண்டு ரெடியா இருக்கு.'

ஷெவ்கெத் அங்கேயே உடைந்த தூண் ஒன்றின் மீது உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் பொங்கி வந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்? நிழல்ல நிறுத்தலையா? ரெண்டு தடவை சோறு போடலையா? அஸ்பெண்டோஸ்ல இருக்கிற ஒரு கல்லையாவது விட்டேனா? மனசுல இருக்கறதை மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலையுங்களேன்! காலையிலேர்ந்து சிரிச்சுச் சிரிச்சே கொல்றீங்களே! ஒரு வார்த்தை, நல்ல வார்த்தையா ஒரே ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வராதா? என் மானமே அதுலதானே இருக்கு!"

ரெம்ஸி வந்து அவர் தோளைத் தொட்டான்.

பிறகு ருஸ்தெமின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "ஆக, கேட்கலாங்கறீங்க!" என்றார். "அப்பாடா! நீங்களா வாய் திறக்காம நாங்க எப்படிங்க கேட்கறது?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். சித்தப்பாக்கள் இருவரும் போட்டார்கள். ஒருவருக்கு எட்டவில்லை. கெனானின் அம்மா மகன் நெற்றியைத் துடைத்து முன்னால் நிறுத்தினாள். ருஸ்தெம் தொண்டையைக் கனைத்தார், மறுபடி கனைத்தார், உணர்ச்சி மிகுதியில் ஒரு சொல்லும் வெளிவரவில்லை.

அப்போது சஃபினாஸ் முன்னால் வந்தாள். செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே தலை தொங்கிப்போன சிவப்பு ரோஜாக்கள். துணியை அவிழ்த்தாள். வெள்ளித் தட்டு ஒன்றில், வெயிலில் உருகி ஒரே குழம்பாகிப்போன சாக்லேட். இரண்டையும் ஷெவ்கெத்தின் மடியில் வைத்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"பொண்ணோட தாய்மாமன் சரித்திர வாத்தியாரு, பங்குக்கு வந்து அவரே கூட்டிட்டுப் போவாரு, அவரு சரின்னாத்தான் எல்லாம்னு சொன்னாங்க, அதனாலதான் இவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டோம். அல்லாவோட ஆணைப்படி, நபியோட வாக்குப்படி கேட்கறேன், உங்க அக்கா மக நெஸ்லிஹானை எங்க கெனானுக்குக் குடுக்கறீங்களா, இல்லையா? அதைச் சொல்லிட்டு, அப்புறமா எத்தனை கல்லு வேணும்னாலும் காட்டுங்க!"