ஆற்றங்கரையில் மேசை பிடித்த அண்ணை

ரொறன்ரோவில் சூரியனுக்கு முன் எழும்புகிற ஒரே தமிழர் எங்கள் மேசை அண்ணைதான். ரூஜ் ஆற்றங்கரைப் பார்க்கில் முந்தி வந்தவருக்கே பிக்னிக் மேசை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு ஆட்கள் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். அண்ணையோ தான் குடியிருக்கும் டோர்செட் பார்க் பகுதியிலிருந்து விடியவே வந்து, நிழலில் உள்ள மேசைகளை மனைவியின் பழைய சேலைகளால் மரத்தோடு சேர்த்து வளைத்துக் கட்டிவிட்டு, நடு மேசையில் படுத்துவிடுவார்.

ஒருமுறை பார்க் அதிகாரி வந்து, மரத்தில் சேலை கட்டக்கூடாது என்றார். அண்ணை மரத்திலிருந்து அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று அதிகாரி யோசித்து முடிப்பதற்குள் அவர் கையில் பால் விடாத பிளேன்ரீயும் உளுந்து வடையும் இருந்தன.

ஊர்ச் சங்கம் என்றால் உடையாமல் இருக்குமா? எங்களுடையது ஆட்டிறைச்சியால் உடைந்தது. பார்க்கில் வைத்துக் காய்ச்சுவதா, கேற்றரிங்கில் எடுப்பதா என்று தொடங்கிய பேச்சு, "உங்கட பரம்பரையே அப்பிடித்தான்" என்பதில் போய் நின்றது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டில் என் மனைவி காய்ச்சுகிற கட்சி. யூனியன்வில்லில் இருக்கும் அவளுடைய அக்கா கேற்றரிங் கட்சி. நாள் தவறாமல் போனில் கதைத்த இருவரும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. மனைவி சிரிப்பதையே மறந்துபோனாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கோடை வந்ததும் இரண்டு சங்கமும் தனித்தனியே மேசை அண்ணையிடம் போயின. அவரைக் கேட்காமல் யாரும் நாள் குறிப்பதில்லை.

"வாற ஞாயிறு நல்ல வெயில். அண்டைக்கு வையுங்கோ, நான் பிடிச்சுத் தாறன்" என்றார். இரண்டு பக்கத்துக்கும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் அடுப்பும் சட்டியுமாக இறங்க, அவர்கள் அலுமினியத் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். மேசைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பந்தியாகக் கிடந்தன. பார்க்கில் வேறு மேசை காலியில்லை.

"என்ன அண்ணை உது?" என்று இரண்டு தலைவர்களும் ஒன்றாகக் கேட்டார்கள். அந்த வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"உங்களுக்கும் பிடிச்சன், அவையளுக்கும் பிடிச்சன். நிழல் இவ்வளவுதான் இருக்கு. விருப்பமில்லாத ஆக்கள் வெயிலுக்கை இருங்கோ."

ரோஷம் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்கும்? ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மனைவி ஒரு முனையில், அக்கா மறுமுனையில். எங்கள் இறைச்சியோ வேகுவதாயில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். அக்கா எழுந்து வந்து, தங்கைக்கு முன்னால் ஒரு கோப்பை சோற்றை வைத்தார்.

"சாப்பிடு. உங்கட ஆடு இன்னும் உயிரோட இருக்குது போல."

மனைவி சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது அக்கா" என்றாள்.

நான் மேசை அண்ணையைத் தேடினேன். எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் அவருக்கே இடமில்லை. ஆற்றோரப் புல்லில் துவாயை விரித்து நல்ல நித்திரை. அந்த மனிதர் மீது எனக்கு அப்படியொரு அன்பு பொங்கியது. எழுப்ப மனம் வரவில்லை. அவர் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்துக்கொண்டு, அவர் எழும்பும்வரை பக்கத்திலேயே நின்றேன்.