மாமன் சாம்பலான மத்தியானம்

எனக்குப் பெயர் வைக்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் குடும்பம் கூடி எடுத்த முடிவு அது.

அப்போது நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பெருமாட்டியில் தோப்பு வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தேன் (பகல் முழுக்க லேப்டாப்பில் விளையாடுவதை வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்). கொழிஞ்சாம்பாறை நண்பன் பிரபு ஒரு பழைய விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வரத் தொடங்கிய காலத்துச் சரக்கு. திரையில் நாலு கோடு தெரியும். அதைப் பாதாளச் சுரங்கம் என்று நாம்தான் நம்ப வேண்டும். ஒரு படையைச் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கி, பூதங்களோடு மோத வேண்டும்.

படையில் ஒவ்வொருவருக்கும் பெயர் கேட்டது. மற்றவர்கள் வீரதீரப் பெயர்களாக வைப்பார்கள். நான் சொந்தக்காரர்களை வைத்தேன். வாள் வீரர், அம்மாவின் அண்ணனான என் மாமன். மந்திரம் போடுபவர் அம்மா. அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கும் ஓர் இடம் கொடுத்தேன். அவரை எந்தத் தொழிலில் போட்டேன் என்பதை, ஊரே தெரிந்துகொண்ட இடத்தில் நீங்களும் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்த வாரம் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் மாலை மாற்ற மாட்டார்கள். மாமனோ, தோப்பு எல்லைக்கல்லைச் சித்தப்பா நகர்த்திவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரையும் ஒரே பந்தலில் உட்காரச் சம்மதிக்க வைப்பதற்குள் அப்பாவின் செருப்பு தேய்ந்துவிட்டது.

இந்த நல்ல நேரம் பார்த்து ஒரு பூதம் மாமனை அடித்துக் கொன்றது. அந்த விளையாட்டில் செத்தவரைக் கோயிலுக்குத் தூக்கிப் போனால் பூசாரி எழுப்பிவிடுவார். பூசாரிக்கு மந்திரம் தவறினால் ஆள் சாம்பல். எனக்கு வாய்த்த பூசாரி எப்படிப்பட்டவராக இருப்பார்? ஜன்னல் ஓரம் நின்று பிரபுவுக்கு போன் போட்டேன்.

"டேய், மாமன் செத்துட்டாருடா. கோயலுக்குத் தூக்கீட்டுப் போயும் சாம்பலாயிட்டாரு."

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் சித்தப்பாவின் மனைவியான சித்தி. முதல் வாக்கியம் முடிந்ததுமே உள்ளே ஓடிவிட்டார் (நின்று இரண்டாவதையும் கேட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்). மாமன் வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே, மாமன் மனைவியான அத்தைக்குப் பொள்ளாச்சியில் இருக்கும் அண்ணனுக்கு போனில் சொன்னார். அந்தக் குரலில் துக்கம் இருந்ததாக இதுவரை யாரும் சாட்சி சொல்லவில்லை.

எழவு வீட்டுக்கு போன் போட்டு "நெசமா?" என்று எப்படிக் கேட்பது? அவர் கேட்கவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு, ரோஜா மாலையும் கையுமாக ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்கினார். கேட்டைத் திறந்தது மாமன், கையில் டீ டம்ளர்.

"வாங்க மச்சான். யாருக்குங்க மாலை?"

சேதி யார் வாயிலிருந்து கிளம்பியது என்று விசாரித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அந்த மாலையோடு மாமன் எங்கள் வாசலில் நின்றார். பின்னால் அத்தை, வேன் ஆட்கள், வேடிக்கை பார்க்கச் சித்தப்பா, சித்தி.

"தாலியோட இருக்கறவளுக்குக் கோடி கொண்டாந்திருக்காங்க," என்று அத்தை அழுதார். "இந்த ஊட்டுக் கல்யாணத்துக்கு நாங்க எப்படிங்க வருவோம்?"

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தப் பூதமே பயந்திருக்கும். பட்டம் வாங்கிய என் மூளை அப்போதுதான் வேலை செய்தது: திரையைக் காட்டினால் எல்லாம் தெளிந்துவிடும். லேப்டாப்பைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் திறந்தேன்.

மாமன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் பெயர் அருகே 'சாம்பல்' என்று போட்டிருப்பதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வரியில் நின்றார்.

"சித்தப்பா, தீஃப். அப்படீன்னா திருடன் தானுங்க மாப்ள?"

"தெறமைசாலிங்க மாமா," என்றேன். "பூட்டெல்லாம் தொறப்பாருங்க."

மாமன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இத்தனை வருஷம் தொண்டை வறளச் சொன்னதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே. "இவனுக்காகவே சீரு ரெண்டு பங்காச் செய்யறனுங்க," என்று அம்மாவிடம் சொன்னார். சித்தப்பா சித்தியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அப்பா வேறு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார்.

சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதன் பிறகு என் மகளுக்குப் பெயர் வைக்கும் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுப் படி ஏறினார். குழந்தையின் காதில் பெயர் சொல்ல நான் குனிந்தபோது, தொட்டிலுக்குக் குறுக்கே மாமன் கை நீட்டினார்.

"நீங்க தள்ளி நில்லுங்க மாப்ள. ஒருக்கா நீங்க பேரு வெச்சுத்தான் நான் சாம்பலானன். பூட்டுத் தொறக்கறவரே சொல்லட்டும்."

கூடம் மொத்தமும் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "இந்த ஒண்ணுல அவரு சொல்றது சரிதான்," என்று சொல்லி, என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தார்.