பெட்ரோல் மீந்துபோவதில்லை, சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாளும், எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவியும் நலம், என் வலது முழங்கை நீங்கலாக. முழங்கை விஷயம் பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அக்கறையோடு போன் செய்து, “எதா இருந்தாலும் மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி, நமக்குள்ள என்ன” என்று கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் வேலைக்கு சைக்கிளில் போகிறேன் என்று எங்கள் பெண் வாய்தவறிச் சொல்லிவிட்டதில், ஸ்கூட்டரை விற்றுவிட்டேனோ, வேலை போய்விட்டதோ என்று நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் இன்றும் நான்தான் பெரிய மாஸ்டர். உங்களுக்கு கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது உட்கார்ந்த அதே சீட்டில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் தானே சொல்லப்போவதாக என் மனைவி இருக்கிறாள். அவள் சொன்னால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறிய அன்று காலையில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஸ்கூட்டர் சாவிக்குக் கை நீட்டினோம். அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, என் ஸ்கூலோ வீட்டுக்குப் பக்கம். இத்தனை நாளும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு திரும்பிவந்து வேலைக்குப் போவேன். “என்னை விட்டுட்டு நீங்க திரும்பி வர்றதுக்கு ஊத்தற பெட்ரோல்ல நானே போயிட்டு வந்துடுவேன்” என்றாள். “அப்ப நான்?” என்றேன். அவள் மாடிப்படிக்கு அடியில் பார்த்தாள். அங்கே பழைய பெயிண்ட் டப்பாக்களுக்கும் ஓடாத மேஜை விசிறிக்கும் நடுவில் எங்கள் பெண் கல்லூரிக்குப் போய்வந்த சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். முன்னால் வெள்ளைக் கூடை, கூடையின் நெற்றியில் பிளாஸ்டிக் சூரியகாந்திப் பூ. கடைக்காரர் டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். பூவை மட்டும் கழற்ற முடியாது, கழற்றினால் கூடையும் கையோடு வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். ஆக, தேய்த்த வெள்ளைச் சட்டையும் ஸ்கூட்டர் ஹெல்மெட்டும் சூரியகாந்தியுமாகக் கிளம்பினேன்.

சாலை விதிகளைச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். விதிப்படி ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையோடு முதல் முனையில் திரும்புவதற்குக் கையை நீட்டினேன். பின்னால் பைக்கில் வந்தவர் பக்கத்தில் வந்து நிறுத்தி, “எந்த அட்ரஸ் சார்?” என்றார். திரும்பப் போகிறேன் என்றேன். “திரும்புங்களேன், அதுக்கு எதுக்குக் கைய காட்டறீங்க?” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முனையில் வேகத்தைக் குறைக்கிறேன் என்பதற்கு அடையாளமாகக் கையை மேலும் கீழும் அசைத்தேன். ஒரு பஸ் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “நீங்க ஏறலாம், சைக்கிள ஏத்த முடியாது” என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை, உண்மையான வருத்தம்தான் இருந்தது. அதற்குப் பிறகு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கவில்லை.

ஸ்கூல் வாசலில் முதலாளியம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பிறகு தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். “மாஸ்டர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சைக்கிள்ல வந்து இறங்கினா, பல் டாக்டர் பொக்கை வாயோட உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும். பின்பக்கமா கொண்டுபோய் ஜெனரேட்டருக்குப் பின்னால வச்சிடுங்க” என்றார். வைத்தேன். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட ஒரு மாணவி, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவர், “கார் ஓட்டத் தெரிஞ்சும் ஏன் சார் இப்படி?” என்று பரிவோடு கேட்டார். “தெரிஞ்சதாலதாம்மா. அது எவ்வளவு குடிக்கும்னும் தெரியுமே” என்றேன். முதலாளியம்மா தொண்டையைச் செருமினார்.

இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை, புது அடுக்குமாடி கட்டுகிறார்களே அந்த வளைவில் போய்க்கொண்டிருந்தேன். புழுதிக்காக மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தேன், தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு ஹாரன். நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே, முன்னால் போகிறவர் திடுக்கிடாதபடி தள்ளியிருந்தே ஒன்று, நெருங்கியதும் ஒன்று. முதல் ஹாரனுக்கு, யாரோ முறையாகக் கற்றவர் வருகிறார் என்று நினைத்தேன். இரண்டாவதற்கு மணல் குவியலில் கிடந்தேன். காரை ஓரம் கட்டினீர்கள். ஆம் சம்பந்தி, அது நீங்கள்தான். இண்டிகேட்டர் போட்டுத்தான் ஓரம் கட்டினீர்கள். மணலில் படுத்தபடி அதைக் கவனித்தேன், மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடியை இறக்கி, “பெரியவரே, ஓரமா போகக் கூடாதா?” என்றீர்கள். நீங்கள் என்னைவிட மூத்தவர் என்பதால் அந்தச் சொல் சற்றுக் குழப்பியது, மற்றபடி வருத்தமில்லை. ஓரமாகத்தான் போனேன். அதற்கும் ஓரம் என்றால் மணல்தான்.

பக்கத்து சீட்டிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வந்து சைக்கிளை நிமிர்த்தினார், கழன்ற செயினை மாட்டினார். பூவைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். என் கையை ஒரு முறை இறுகப் பிடித்துவிட்டு, “பெரியவருக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க வண்டிய எடுங்க” என்று உங்களிடம் சத்தமாகச் சொன்னார். நான் கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டவர் நீங்கள். எதிரில் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ள நீங்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். முகத்தைக் காட்டினால் அன்றோடு காரை மூடி உறை போட்டுவிடுவீர்கள் என்று எனக்குப் பட்டது. ஒரு கும்பிடு போட்டேன், நீங்கள் போய்விட்டீர்கள். முழங்கை அன்றைக்குப் பட்டதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் பெட்ரோல் வர ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் மிதியடிக்குப் பக்கத்தில் ஒரு கேன் இருக்கும். முதல் நாள் மாடி வீட்டுக்காரர்தான் மோந்து பார்த்துச் சொன்னார். “யாரோ உங்க வீட்டைக் கொளுத்தத் திட்டம் போடறாங்க சார். இன்னிக்குக் கேனை வச்சாச்சு, நாளைக்குத் தீப்பெட்டி வரும்.” தீப்பெட்டி வரவில்லை, இன்னொரு கேன்தான் வந்தது. என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு ஸ்கூட்டரில் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கொளுத்துகிறவர்கள் இவ்வளவு தாமதிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. விடியற்காலையில் எழுந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். பால்காரர் போனபின், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உங்கள் மகன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“வாங்க மாப்பிள்ளை” என்றேன். பாவம், கேனைக் கீழே போட்டுவிட்டார்.

“இல்ல மாமா... அது வந்து... வீட்ல கொஞ்சம் மீந்துபோச்சு.”

“பெட்ரோல் கூடவா மாப்பிள்ளை மீந்துபோகும்?”

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்கு மணல்ல கிடந்தது நீங்கதான்னு அந்தக் கூடையப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு மாமா. அப்பாகிட்ட சொல்ல முடியல. சொன்னா அவரு காரையே தொட மாட்டாரு. உங்ககிட்ட கேட்கவும் முடியல. அதான்.” கல்லூரி முடித்த கையோடு எங்கள் பெண் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்ட சைக்கிளின் கூடை, அதற்கு வெகுகாலம் கழித்துப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. கேட்கவில்லை. கல்யாணப் பேச்சுக்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று நம் இரண்டு குடும்பமும் நம்பி வருகிறது. தொடர்ந்து அப்படியே நம்புவோம்.

இது இதோடு முடிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்யாமல் இருந்திருந்தால். என் கஷ்டத்தை விசாரித்த பிறகு, எனக்கு மனசு லேசாகட்டும் என்று ஒரு வேடிக்கை சொன்னீர்கள். “ரோட்ல இந்த சைக்கிள்காரங்க தொல்லை தாங்கல சம்பந்தி. போன மாசம் ஒரு கிழவர், பொம்பளைங்க சைக்கிள்ல, பூ வேற வச்சிக்கிட்டு, ஹாரன் அடிச்சதுக்கே தொபுக்கடீர்னு மணல்ல. அவருக்கெல்லாம் யாருதான் ரோட்ல ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்களோ” என்று சிரித்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் என் மனைவி என் முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். சைக்கிள் தானாகச் சறுக்கிவிட்டது என்றுதான் நான் அதுவரை அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் கை நின்றது. மருந்து மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?” என்றாள். அந்தக் குரலில் அவள் பேசினால் எங்கள் வீட்டில் மின்விசிறிகூடச் சத்தம் போடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோல் விலை ஏறினால் சனங்கள் சைக்கிளுக்கு மாற வேண்டியதுதானே என்று நீங்களே அன்று பேச்சோடு பேச்சாகக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என்னை சைக்கிளில் ஏற்றிவிட்டது விலைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் என் மனைவியை அது ஏற்ற முடியாது, அவள் போகும் தூரம் அப்படி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை ஏற்ற முடியாது. ஏற முடிகிறவர்களுக்கும் முதலில் ரோட்டில் ஒரு ஓரம் வேண்டும், மணல் கொட்டாத ஓரம். அது இல்லாமல் விலையை மட்டும் ஏற்றிவிட்டு, உடம்புக்கு நல்லது, மிதியுங்கள் என்று சொல்வது, ஆளைக் குளத்தில் தள்ளிவிட்டு நீச்சல் நல்ல பயிற்சி என்று கரையில் நின்று சொல்வது மாதிரி. அப்படியிருந்தும் நாளைக்கே விலை இறங்கினாலும் நான் சைக்கிளை விடப்போவதில்லை. காலையில் கால் மணி நேரம் யாருக்கும் பிரேக்கைப் பிடி, கிளட்சை விடு என்று சொல்லாமல் போவதில் இருக்கும் நிம்மதி, இந்த வேலை பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

எனவே தாங்கள் என் நிலைமை பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாப்பிள்ளையிடம் கேன் போதும் என்று நீங்களும் சொல்லுங்கள், மாடி வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்லை. காரை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்த வேண்டாம். நன்றாகவே ஓட்டுகிறீர்கள். என்னை மாதிரி யாராவது முன்னால் போனால் அந்த இரண்டாவது ஹாரனை மட்டும் விட்டுவிடுங்கள். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, மாப்பிள்ளைக்கு இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக.

தங்கள் காருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருக்கும்,
அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும் நேரத்தில் வாசலில் குரல் கேட்டது. நீங்கள்தான். இதை நான் சமையலறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், நீங்கள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கார் எங்கே என்று கேட்டதற்கு வீட்டில் இருக்கிறது என்றீர்கள். புத்தம்புது சைக்கிள் ஒன்றை அவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள், ஏறத் தெரியாததால். “கார்ல உட்கார்ந்து பாத்தா எல்லாரும் நமக்குக் குறுக்க வர்ற மாதிரியே தெரியுது சம்பந்தி. அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துடணும். இதையும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்” என்றீர்கள். என் மனைவி ஞாயிற்றுக்கிழமை முதல் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. டீ போடப் போய்விட்டாள்.

எனவே மேலே எழுதியதற்கு இனி அவசியமில்லை. ஆனால் கிழித்துப் போடவும் கை வரவில்லை, நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. டீ கொண்டுவரும் தட்டில் இதையும் வைத்து அனுப்புகிறேன். படித்துவிட்டு, படிக்காத மாதிரியே வெளியே வாருங்கள். நான் வாசலில் உங்கள் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.